'போலீஸ், பெயரடை': மெதுவாக நகரும் ஒரு போலீஸ் படம், அதில் மனசாட்சியின் கதி

வெண்மணல்:

ருமேனிய இயக்குநர் கொர்னேலியு பொரும்பொயு 2009-இல் எடுத்த 'போலீஸ், பெயரடை' படத்தை இங்கே யாராவது பார்த்திருக்கிறீர்களா? பார்த்தவர்களோடு பேச வேண்டும் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன். முடிவு வரை பேசப் போகிறேன். முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கதை சின்னது. ருமேனியாவின் கிழக்கே வஸ்லுய் என்ற ஊர். கிறிஸ்டி என்ற இளம் போலீஸ்காரர் மஃப்டியில் விக்டர் என்ற பள்ளி மாணவனைப் பின்தொடர்கிறார். விக்டர் தன் நண்பர்கள் இரண்டு பேரோடு கஞ்சாப் பிசின் புகைக்கிறான். அந்த இரண்டு பேரில் ஒருத்தி பெண், மற்றவனான அலெக்ஸ்தான் போலீசுக்குத் துப்புக் கொடுத்தவன். சட்டப்படி பார்த்தால் விக்டர் நண்பர்களுக்குப் போதைப்பொருள் 'கொடுத்தவன்' ஆகிறான். பிடித்தால் வருடக்கணக்கில் சிறை. கிறிஸ்டிக்கு அவனைப் பிடிக்க மனம் வரவில்லை. இந்தச் சட்டம் சீக்கிரம் மாறிவிடும், ஐரோப்பாவில் வேறெங்கும் இதற்காக ஒரு பையனைச் சிறையில் தள்ள மாட்டார்கள், ஒரு சிறுவனின் வாழ்க்கையை என் தலையில் சுமக்க மாட்டேன் என்கிறார். மேலதிகாரி ஆங்கெலாக்கே பொறிவைத்துப் பிடிக்கச் சொல்கிறார். கடைசியில் மேலதிகாரியின் அறையில் ஒரு நீண்ட காட்சி. அங்கே கத்தலும் இல்லை, மிரட்டலும் இல்லை. ஓர் அகராதியை வரவழைத்து, கிறிஸ்டியையே வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறார். மனசாட்சி என்றால் என்ன, சட்டம் என்றால் என்ன, போலீஸ் என்றால் என்ன. படித்து முடிக்கும்போது கிறிஸ்டியிடம் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

இந்தக் கடைசிக் காட்சியைப் பற்றி உலகம் முழுக்க நிறையப் பேசிவிட்டார்கள். எனக்கு அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரம்தான் முக்கியம். கிறிஸ்டி தெருவில் நடப்பார், நிற்பார், மறுபடி நடப்பார். பையன் பள்ளிக்குள் போய்விட்டால் வெளியே காத்திருப்பார். ஒரு வீட்டின் எதிரே மணிக்கணக்கில் நிற்பார். அவர்கள் புகைத்துவிட்டுப் போன இடத்தில் குனிந்து சிகரெட் துண்டைப் பொறுக்குவார். 'ஒன்றுமே நடக்கவில்லை' என்று பலர் சொல்கிற பகுதி இதுதான். என் பார்வையில் அந்தப் பையனைச் சிறைக்கு அனுப்பக்கூடாது என்ற முடிவு கிறிஸ்டிக்குள் உருவாவது இந்தக் காத்திருப்பில்தான். ஒருவனை நாள்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தால் அவன் 'குற்றவாளி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்க மாட்டான். படம் நம்மையும் அதே அளவு நேரம் பார்க்க வைக்கிறது. மெதுவாக எடுத்ததற்கு வேறு காரணம் தேவையில்லை.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.


இரவுக்காட்சி:

நண்பரே, நான் நாற்பது நிமிடத்தில் நிறுத்தியவன். மெதுவான படம் எனக்குப் புதிதல்ல, அதே ஆண்டுகளில் வந்த மற்ற ருமேனியப் படங்களையும் பார்த்திருக்கிறேன். 2005-இல் வந்த 'திரு லசரெஸ்குவின் மரணம்' இரண்டரை மணி நேரம் ஓடும், ஆனால் ஒரு கிழவரின் உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்ற பதைப்பு கூடவே வரும். 2007-இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வாங்கிய '4 மாதம், 3 வாரம், 2 நாள்' படத்தில் மூச்சு முட்டும். இதில் அப்படி ஒன்றும் இல்லை. ஒரு மனிதர் சுவரில் சாய்ந்து நிற்கிறார், நானும் அவரோடு நிற்கிறேன். அவர் என்ன நினைக்கிறார் என்பதற்கு முகத்திலும் துப்பு இல்லை. மனசாட்சி உருவாகிறது என்று நீங்கள் சொல்வதை எந்தக் காட்சியில் பார்த்தீர்கள்? காட்டினால் மறுபடி உட்கார்கிறேன்.


வெண்மணல்:

நியாயமான கேள்வி. முகத்தில் தேடினால் கிடைக்காது. கிறிஸ்டியாக நடித்த ட்ராகோஷ் புக்குர் வேண்டுமென்றேதான் முகத்தை மூடி வைத்து நடிக்கிறார். பெரும்பாலும் தூரத்திலிருந்து, முழு உருவமாகத்தான் காட்டுகிறார்கள். உணர்ச்சியைச் சொல்லித்தரும் பின்னணி இசையும் கிடையாது.

ஆனால் அந்த அறிக்கைகளைக் கவனித்தீர்களா? ஒரு நாள் வேலை முடிந்ததும் கிறிஸ்டி கையால் எழுதிய அறிக்கை திரை முழுக்க வரும். கேமரா மேலிருந்து கீழே மெல்ல இறங்கும். நம் ஊர் கேஸ் டைரி மாதிரிதான்: இத்தனை மணிக்குச் சந்தேக நபர் வீட்டைவிட்டுக் கிளம்பினார், இத்தனை மணிக்குப் பள்ளியை அடைந்தார். நாம் ஏற்கெனவே பார்த்த காட்சியை இப்போது எழுத்தில் படிக்கிறோம். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நாம் பார்த்தபோது மூன்று பிள்ளைகள் பேசிக்கொண்டு நின்றார்கள், குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள். அறிக்கையில் அது 'சந்தேக நபரும் அவருடைய கூட்டாளிகளும்' ஆகிவிடுகிறது. பொய் ஒன்றும் இல்லை, எல்லாம் உண்மை. ஆனால் பார்த்ததில் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கிறது. அந்தக் காணாமல் போன பாதிதான் கிறிஸ்டியைக் குடைகிறது. அதை எழுதுவதற்கு அறிக்கையில் இடமே இல்லை.

கடைசிக் காட்சியில் அவர் ஏன் வாயடைத்துப் போகிறார் என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. அவ்வளவு நாளும் அவர் எழுதிக் கொடுத்தது எல்லாம் மேலதிகாரிக்குத் தேவையானவை மட்டும். தனக்குத் தேவையானதை ஒரு வரிகூட எழுதவில்லை.


சட்டப்படி:

நான் குற்றவியல் வழக்குகளில் வாதாடுகிறவன். இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் ஆங்கெலாக்கேயை வில்லனாக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவர் பக்கத்தை யாராவது சொல்ல வேண்டும்.

அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். சட்டம் இருக்கிறது. அதை அமல்படுத்துவேன் என்று நீ உறுதிமொழி எடுத்திருக்கிறாய். இப்போது அமல்படுத்த மாட்டேன் என்கிறாய். எந்த அதிகாரத்தில்? கிறிஸ்டியின் பதில்: பின்னால் வருத்தப்பட வைக்கும் கெட்ட காரியத்தைச் செய்ய விடாமல் எனக்குள் ஒன்று தடுக்கிறது. சரி, இந்தப் போலீஸ்காரர் நல்லவர், அவருக்குள் இருப்பது நல்ல குரல். அடுத்த மேசையில் இருப்பவருக்குள் என்ன குரல் இருக்கிறது? ஒரு சாதிக்காரனைப் பிடிக்காதே, இன்னொருவனைப் பிடி என்று சொல்கிற குரலும் உள்ளேயிருந்துதான் வரும். அதுவும் அதே உறுதியோடுதான் பேசும். என் கட்சிக்காரர்கள் பலர் பட்ட துன்பம், காவல் நிலையத்தில் ஒருவர் தன் மனம் சொன்னபடி நடந்ததால்தான். சட்டத்தை அச்சுப் பிசகாமல் பின்பற்றியிருந்தால் அவர்கள் அன்றே வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

ஆங்கெலாக்கே இன்னொன்றையும் செய்கிறார், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உனக்கு ஒப்பவில்லையென்றால் போலீஸ் வேலையை விட்டுவிடு என்று வழி காட்டுகிறார். மனசாட்சிக்கு நேர்மையான வழி அதுதான். சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு, சட்டத்தையும் நானே திருத்துவேன் என்பது நேர்மை ஆகாது. சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றம் இருக்கிறது, தண்டனையைக் குறைக்க நீதிபதி இருக்கிறார். பின்தொடர்ந்து போன போலீஸ்காரருக்கு அந்த இரண்டு நாற்காலியும் கிடையாது.


தேனருவி:

சட்டப்படி சார், நீங்கள் சொல்வதில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். படத்தை எடுத்தவர் ஆங்கெலாக்கேயை முட்டாளாகக் காட்டவில்லை. விளாட் இவானோவ் அந்தப் பாத்திரத்தை அவ்வளவு மரியாதையோடு செய்திருக்கிறார். ('4 மாதம்' படத்தில் கருக்கலைப்பு செய்ய வரும் அந்தப் பயங்கரமான ஆளும் இவர்தான். 'ஸ்னோபியர்சர்' பார்த்தவர்களுக்கு அந்த ரயிலில் ஈவிரக்கமில்லாமல் துரத்தி வரும் கொலையாளியாகவும் நினைவிருக்கும்.)

நான் பேச விரும்புவது வீட்டுக் காட்சிகளைப் பற்றி. கிறிஸ்டி வேலை முடிந்து வருகிறார். சமையலறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். மனைவி அன்கா பக்கத்து அறையில் கணினியில் ஒரு பழைய காதல் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட விடுகிறாள், சத்தமாக. மிரபெலா தாவுயெர் பாடிய பாட்டு. சாப்பாடு முடியும் வரை கேமரா அசையாது. அப்புறம் அவளோடு உட்கார்ந்து அந்தப் பாட்டுக்கு அர்த்தம் கேட்கிறார். பூ இல்லாத வயலைப் பற்றி அதில் ஒரு வரி வருகிறது. பூ இல்லாவிட்டாலும் வயல் வயலாகத்தானே இருக்கும் என்கிறார் இவர். ஆசிரியையான அவளோ உருவகம், குறியீடு என்று பொறுமையாக விளக்குகிறாள்.

முதல்முறை பார்த்தபோது இந்தக் காட்சிக்குச் சிரித்தேன். இரண்டாம் முறை பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. இந்த மனிதர் சொற்களை நேரடியாக மட்டுமே நம்புகிறவர். எழுதியிருப்பதும் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர். அதனால்தான் 'போதைப்பொருள் வழங்குபவன்' என்ற பெயர் அந்தப் பையனுக்குப் பொருந்தவில்லை என்று அவருக்குத் தைக்கிறது. அதே குணத்தால்தான் அகராதி முன்னால் தோற்கிறார். அச்சில் இருப்பதை எதிர்த்துப் பேச அவருக்குத் தெரியாது.

இன்னொரு இடமும் உண்டு. அன்கா அவருடைய அறிக்கையைப் படித்துவிட்டு ஓர் எழுத்துப்பிழையைச் சுட்டுகிறாள். பிரித்து எழுதிக்கொண்டிருந்த ஒரு சொல்லை இனிமேல் சேர்த்து எழுத வேண்டும் என்று ருமேனிய அகாடமி மாற்றிவிட்டது என்கிறாள். (நிஜமாகவே 2005-இல் வெளிவந்த அகாடமியின் எழுத்திலக்கணத் தொகுதியில் அந்த மாற்றம் இருக்கிறது.) யார் முடிவெடுத்தார்கள், ஏன் என்று அவருக்குப் புரிவதில்லை. ஆனாலும் கீழ்ப்படிய வேண்டும். அலுவலகத்தில் நடக்கப்போவது முதலில் வீட்டில், கோபமே இல்லாமல், அன்போடு நடந்துவிடுகிறது.


இரவுக்காட்சி:

அந்த எழுத்துப்பிழைக் காட்சிக்காகவே மறுபடி பார்க்கிறேன். நேரம் கொடுங்கள்.


பாலைநிலவன்:

ருமேனியாவின் பின்னணியை விட்டுவிட்டுப் பேசினால் சட்டப்படி சாரின் வாதம் வலுவாகத் தெரியும். பின்னணியோடு பார்த்தால் வேறு மாதிரி.

வஸ்லுய் இயக்குநரின் சொந்த ஊர். 1975-இல் அங்கே பிறந்தவர். அவருடைய முதல் முழுநீளப் படமும் அங்கேதான் நடக்கிறது. 2006-இல் வந்து கானில் தங்கக் கேமரா வாங்கிய அந்தப் படத்தில் ஓர் உள்ளூர்த் தொலைக்காட்சியில் மூன்று பேர் உட்கார்ந்து விவாதிப்பார்கள். 1989 டிசம்பர் 22 அன்று, நாட்டை ஆண்ட சர்வாதிகாரி சௌசெஸ்கு தலைநகரைவிட்டு ஓடிய 12 மணி 8 நிமிடத்துக்கு முன்னால் நம் ஊர்ச் சதுக்கத்தில் யாராவது இறங்கினார்களா, இல்லை, ஆபத்து நீங்கிய பிறகுதான் இறங்கினார்களா? அதாவது நம் ஊரில் புரட்சி நடந்ததா இல்லையா? மூன்று வருடம் கழித்து வந்த 'போலீஸ், பெயரடை' அந்தக் கேள்வியின் தொடர்ச்சி. ஆட்சி மாறியது, மனிதர்கள் மாறினார்களா?

1989 வரை அந்த நாட்டை ஆட்டிப்படைத்தது செக்யுரிடாடே என்ற ரகசியப் போலீஸ். அதன் பலமே துப்புக் கொடுப்பவர்கள்தான். நண்பனைப் பற்றி நண்பன், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், சில வீடுகளில் உறவினரே. தன்னைப் பற்றிய கோப்பைப் படிக்கும் உரிமையைத் தருகிற சட்டம் 1999-இல்தான் வந்தது. படித்தவர்களில் பலருக்கு யார் தன்னைக் காட்டிக்கொடுத்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. இந்த வரலாற்றோடு அலெக்ஸைப் பாருங்கள். ஒரு பள்ளி மாணவன் தன் நண்பனோடு சேர்ந்து புகைத்துக்கொண்டே அவனைக் காட்டிக்கொடுக்கிறான். கிறிஸ்டிக்கு அந்தத் துப்பின் மீதே சந்தேகம். அவன் கூட இருக்கும் அந்தப் பெண்ணுக்காக விக்டரை வழியிலிருந்து அகற்றப் பார்க்கிறானோ என்று நினைக்கிறார். போலீஸ் நிலையத்தில் வேறு யாருக்கும் அந்தச் சந்தேகம் வரவில்லை. தகவல் வந்ததா, வந்தது, அவ்வளவுதான்.

2007 ஜனவரி 1 அன்று ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. படம் அதற்கு இரண்டு வருடம் கழித்து. கிறிஸ்டி தேனிலவுக்கு பிராகுக்குப் போய் வந்தவர். அங்கே தெருவிலேயே புகைக்கிறார்கள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். சட்டம் இங்கேயும் மாறிவிடும் என்ற அவருடைய நம்பிக்கை தனிமனித ஆசை மட்டுமல்ல. அந்தத் தலைமுறை முழுக்க அப்படித்தான் நம்பியது.

அகராதி வாசிப்பில் ஒரு நொடியை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். 'போலீஸ்' என்ற பதிவில் பெயர்ச்சொல்லாகவும் பெயரடையாகவும் பொருள் வருகிறது. பெயரடைக்கு எடுத்துக்காட்டு: துப்பறியும் நாவல், துப்பறியும் படம். அப்புறம் போலீஸ் அரசு, அதாவது அடக்குமுறையால் ஆளும் அரசு. அதைக் கேட்டதும் ஆங்கெலாக்கே, இது அபத்தம், எந்த அரசுக்கும் போலீஸ் வேண்டும்தானே என்று தள்ளிவிடுகிறார். இருபது வருடத்துக்கு முன்பு தான் வாழ்ந்த நாட்டின் பெயரையே ஒரு நொடியில் தள்ளிவிடுகிறார்.


நூலகத்தெரு:

பாலைநிலவன் சுட்டிய அந்த நொடிதான் எனக்கு முழுப் படமும். சட்டப்படி அவர்களிடம் ஒரு கேள்வி. அகராதியின் மீது அவ்வளவு மரியாதை வைத்திருக்கும் அதிகாரி, 'மனசாட்சி'க்கு அகராதி சொன்னதை வரிக்கு வரி ஏற்கிறார், 'சட்ட'த்துக்குச் சொன்னதை ஏற்கிறார், 'போலீஸ் அரசு' வந்ததும் அகராதியே தவறு என்கிறார். அப்படியானால் அவர் பின்பற்றுவது எழுதிவைத்த விதியையா, தனக்கு வசதியான வரியையா? கிறிஸ்டியைப் பார்த்து 'நீ தேர்ந்தெடுக்கிறாய்' என்று குற்றம் சாட்டுகிறவர் அதே மேசையில், அதே புத்தகத்தில் தானும் தேர்ந்தெடுக்கிறார். கிறிஸ்டிக்கு அதைச் சுட்டிக்காட்டும் சாமர்த்தியம் இல்லை. நமக்கு இருக்க வேண்டும்.

இன்னொன்று, அந்த அறையில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது. கிறிஸ்டி சொன்ன விளக்கத்தை நெலு என்ற சக ஊழியர் கரும்பலகையில் எழுதுகிறார். செயலாளர் அகராதி கொண்டுவருகிறார். அவர் வரும் வரை எல்லோரும் காத்திருக்கிறார்கள், நாமும். கேமரா ஓரிடத்தில் நிற்கிறது. ஏறக்குறைய வகுப்பறை. மாணவன் எழுந்து பாடம் படிக்கிறான், ஆசிரியர் 'அடுத்தது' என்கிறார். ஒரு வளர்ந்த மனிதரை இப்படிப் பள்ளிப்பையனாக்கியதும் வாதம் பாதி முடிந்துவிடுகிறது. அதற்கு அப்புறம் அவர் என்ன சொன்னாலும் அது 'தவறான விடை'தான். யார் கேள்வி கேட்கிறார், யார் எழுந்து பதில் சொல்ல வேண்டும் என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட்ட இடத்தில் நடக்கிற விவாதத்தை நான் விவாதம் என்று ஏற்க மாட்டேன்.


சட்டப்படி:

நூலகத்தெரு, 'போலீஸ் அரசு' பற்றிய கேள்விக்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. அந்த இடத்தில் ஆங்கெலாக்கே தன் முறையைத் தானே உடைக்கிறார்.

ஆனால் அது ஆங்கெலாக்கேயின் குறை. வாதத்தின் குறை அல்ல. வேறொரு நேர்மையான அதிகாரி அங்கே உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டிருந்தால் கிறிஸ்டியிடம் என்ன பதில் இருந்திருக்கும்? கிறிஸ்டி அரசு வழக்கறிஞரையும் போய்ப் பார்க்கிறார். அங்கே இந்த வாதத்தை ஒழுங்காக வைத்திருக்கலாம்: துப்புக் கொடுத்தவனின் நோக்கம் சந்தேகத்துக்குரியது, பையன் பணம் வாங்கவில்லை, பொருள் அவன் அண்ணன் மூலம் வந்திருக்கலாம், விசாரணை அந்தப் பக்கம் போக வேண்டும் என்று எழுத்தில் கொடுத்திருக்கலாம். எல்லாமே சட்டத்துக்குள் இருக்கிற வாதங்கள்தான். கொஞ்சம் சொல்கிறார், கொஞ்சம் முயல்கிறார். பெரும்பாலும் தள்ளிப்போடுகிறார், மேலதிகாரியைச் சந்திப்பதைத் தவிர்க்கிறார், இன்னும் சில நாள் கேட்கிறார். சட்டம் தெரிந்த மனசாட்சி வேறு, சட்டத்தைப் பார்த்து முகம் திருப்பிக்கொள்கிற மனசாட்சி வேறு. என் தொழிலில் முதல் வகையால் மனிதர்கள் காப்பாற்றப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் யாரும் பேசவில்லை. அண்ணனைப் பிடிப்பதில் கிறிஸ்டிக்கு எந்த உறுத்தலும் கிடையாது. அண்ணன் எல்லை தாண்டிப் போய் வருகிற விவரங்களைக் கேட்டு அலுவலகம் அலுவலகமாக அலைகிறார். தம்பிக்கு இரக்கம், அண்ணனுக்கு விலங்கு. இதுவும் கண்ணால் நாள்கணக்கில் பார்த்ததால் வந்த இரக்கம்தானே? பார்க்காதவனுக்கு அது போய்ச் சேரவில்லை. இந்தக் காரணத்தால்தான் சட்டம் முகம் பார்க்கக்கூடாது என்கிறோம்.


வெண்மணல்:

சட்டப்படி சார், இந்த இழையில் எனக்குக் கிடைத்த மிகக் கடினமான கேள்வி இது. பதில் சொல்ல முயல்கிறேன்.

ஆமாம், கிறிஸ்டியின் இரக்கம் அவர் பார்த்தவனோடு நின்றுவிடுகிறது. ஆனால் அதற்குத் தீர்வு அண்ணனையும் பார்ப்பதுதான். யாரையுமே பார்க்காமல் இருப்பது தீர்வாகாது. ஆங்கெலாக்கே விக்டரை ஒருமுறைகூட நேரில் பார்க்கவில்லை. சட்டம் இயற்றியவர்களும் பார்க்கவில்லை. தண்டிக்கப்போகும் மனிதனைப் பார்த்த ஒரே ஆள், அந்த வரிசையில் மிகக் கீழே இருக்கிறார், அவருக்கு மட்டும்தான் தீர்மானிக்கும் உரிமை இல்லை. பார்த்தவனுக்கு அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவன் பார்ப்பதில்லை. இது ருமேனியச் சட்டத்தின் தனிக்கோளாறு அல்ல. எந்தச் சட்ட அமைப்பிலும் இருக்கிற விரிசல். போலீஸ்காரரே நீதிபதியாகிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, நீங்கள் சொன்ன ஆபத்துகள் எல்லாம் உண்மை. ஆனால் பார்த்தவர் பார்த்ததை மேலே அனுப்ப ஒரு வழி வேண்டும். அறிக்கையில் அதற்கு ஒரு பத்தியாவது வேண்டும். அந்தப் பத்தி இல்லாததால்தான் கிறிஸ்டி தெளிவாக வாதாட முடியாமல் தள்ளிப்போடுகிறார். எழுத இடமில்லாததைப் பேசவும் பழக்கமில்லாமல் போய்விடுகிறது.

நீங்கள் சொன்ன அந்த நேர்மையான அதிகாரி அங்கே இருந்திருந்தால், அவர் அகராதிக்கு ஆள் அனுப்பியிருக்க மாட்டார். 'அந்தப் பையனைப் பற்றிச் சொல்' என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்வியை ஆங்கெலாக்கே கேட்கவே இல்லை, படத்தை வேண்டுமானால் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.


இரவுக்காட்சி:

பார்த்து முடித்துவிட்டேன். இந்த முறை நிறுத்தவில்லை. வெண்மணல் சொன்னபடி அறிக்கைகளை முழுதாகப் படித்தேன், அப்புறம் தெருக்காட்சிகளை வேறு கண்ணோடு பார்க்க முடிந்தது. முக்கியமாக, அலுவலகத்தில் அவர் ஒவ்வொரு தகவலுக்கும் ஒவ்வொரு அறையாகப் போய்க் கெஞ்சுகிற காட்சிகள். ஒரு பையனின் வாழ்க்கையைக் கெடுக்கும் தகவல் தானாக வந்து சேர்ந்துவிடுகிறது. அவனைக் காப்பாற்றக்கூடிய தகவலுக்கோ நாளைக்கு வா, வேலை இருக்கிறது, அவரிடம் கேள் என்று இழுத்தடிப்பு. இந்த வித்தியாசத்தை உணர வைக்க அந்த நேரம் தேவைதான். அந்தக் காத்திருப்புகளை வெட்டியிருந்தால் கடைசிக் காட்சி வெறும் அறிவு விளையாட்டாகப் போயிருக்கும்.

ஆனாலும் ஆரம்பத்துப் பின்தொடர்தல்களில் ஒன்றிரண்டைக் குறைத்திருக்கலாம் என்ற எண்ணம் மாறவில்லை. முதல் அரைமணி நேரத்தில் பார்வையாளனுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கிளையாவது வேண்டும். கானில் விமர்சகர்கள் பரிசும், 'ஒரு தனிப் பார்வை' பிரிவின் நடுவர் பரிசும் வாங்கியது என்பதற்காக இந்தக் குறையைச் சொல்லாமல் விட மாட்டேன்.

கேள்வி: கடைசியில் அவர் ஏன் வேலையை விடவில்லை?


தேனருவி:

ஏனென்றால் விட்டாலும் பையன் தப்பப் போவதில்லை. மறுநாள் வேறொருவர் பொறியை வைப்பார். கிறிஸ்டி கேட்டது தன் கைகள் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் அல்ல, பையன் வெளியே இருக்க வேண்டும் என்பதையும். ராஜினாமா முதலாவதைத் தரும், இரண்டாவதைத் தராது.

வஸ்லுய் மாதிரி ஓர் ஊரில் வேலையை விட்டுவிட்டு அவர் எங்கே போவார் என்பதும் இருக்கிறது. படம் முழுக்க ஒரே ஸ்வெட்டரோடு திரிகிறார், கவனித்தீர்களா. சட்டப்படி சார் 'நேர்மையான வழி' என்று சொன்ன ராஜினாமாவுக்குப் பணவசதி வேண்டும்.


சட்டப்படி:

அதை ஒத்துக்கொள்கிறேன், தேனருவி. ராஜினாமாவை நான் ரொம்ப எளிதாகச் சொல்லிவிட்டேன்.


பாலைநிலவன்:

கடைசி ஷாட் பற்றி. கிறிஸ்டி கரும்பலகையில் சாக்குக்கட்டியால் பொறிவைக்கும் திட்டத்தை வரைந்து விளக்குகிறார். யார் எங்கே நிற்க வேண்டும், யார் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும். கைது நமக்குக் காட்டப்படவே இல்லை. இங்கே சிலர் இதை 'சரணாகதி' என்று எழுதுவார்கள் என்று எதிர்பார்க்கிறேன். எனக்கு அந்தச் சொல் போதாது. சற்று முன்பு மனசாட்சிக்கான விளக்கம் எழுதியிருந்ததும் பலகைதான், இப்போது திட்டம் வருவதும் பலகையில்தான். அவருடைய வேலைத்திறமை குறையவில்லை, அவர் வரைந்த படம் தெளிவாக இருக்கிறது, குரலில் தடுமாற்றம் இல்லை. கோபப்பட்டு, அழுது, குடித்துவிட்டு ஒத்துக்கொண்டிருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ நன்றாக வேலை செய்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சட்டம் மாறும் என்று அவர் நம்பினாரே, அது என்ன ஆயிற்று என்று தேடுபவர்களுக்கு: ருமேனியாவில் போதைப்பொருளுக்கான அடிப்படைச் சட்டம் 2000-ஆம் ஆண்டின் 143-ஆம் எண் சட்டம். பிறகு பலமுறை திருத்தினார்கள். 2014-இல் புதிய தண்டனைச் சட்டமும் வந்தது. சொந்த உபயோகத்துக்குக் கஞ்சா வைத்திருப்பது அதற்குப் பிறகும் குற்றமாகவே தொடர்ந்தது, அபராதமோ சிறையோ விதிக்கலாம். அடுத்தவருக்குக் கொடுப்பதற்கு இன்னும் கடுமையான தண்டனை. 'சீக்கிரம் மாறிவிடும்' என்று 2009-இல் சொன்ன கிறிஸ்டிக்கு இப்போது நடுத்தர வயது வந்திருக்கும்.

இதற்கு அடுத்து என்ன பார்க்கலாம் என்று கேட்பவர்கள் அதே இயக்குநரின் 2019 படமான 'விசிலடிப்பவர்கள்' பாருங்கள். கதாநாயகன் ஒரு போலீஸ்காரர், பெயர் கிறிஸ்டி. கடத்தல்காரர்களோடு கை கோத்தவர். ஸ்பெயினின் லா கொமெரா தீவுக்குப் போய், தொலைபேசியில் மாட்டிக்கொள்ளாமல் பேசுவதற்காக அந்தத் தீவு மக்களின் சீழ்க்கை மொழியைக் கற்றுக்கொள்கிறார். நடித்திருப்பவர் புக்குர் அல்ல, விளாட் இவானோவ். பத்து வருடத்துக்கு முன்பு அகராதியைத் திறக்கச் சொன்ன அதே முகம், இப்போது கிறிஸ்டி என்ற பெயரில், தன் சக போலீசார் வைத்த ரகசியக் கேமராக்களின் முன்னால் வாழ்கிறது. அது வேறு கதை, வேறு வேகம், துப்பாக்கிச் சண்டையும் உண்டு. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், மனசாட்சியைக் கரும்பலகையிலிருந்து அழித்துவிட்ட ஓர் அலுவலகத்தில் பத்து வருடம் கழித்து என்ன மிஞ்சும் என்பதற்கு இயக்குநரே பதில் எழுதியிருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. இரவுக்காட்சி, உங்களுக்கு இது வேகமாகவே இருக்கும். பார்த்துவிட்டு அதற்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.